பேரைப் பிரிக்கும் வீடியோ

மே 4, ஞாயிறு

ஆன்லைன் வகுப்பு ஜெரால்டு சார் கறாராகச் சொல்லிவிட்டார். வியாபாரம் வளர வேண்டுமென்றால் தினமும் ஒரு வீடியோ போட வேண்டும், அதைப் பற்றி டைரியில் நாலு வரி எழுத வேண்டும். என்ன எடுத்தோம், யார் பார்த்தார்கள், ஏன் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்போடு எழுதுகிற சோலியை விட்டவள் நான். இருந்தாலும் கட்டணம் கட்டியாயிற்றே, எழுதித் தொலைக்கிறேன்.

நான் கோமதி. தென்காசியில் கீழே மருந்துக் கடை, மாடியில் எங்கள் கடை. கல்யாண ஜாக்கெட் தைக்கிறோம். வெட்டித் தைப்பது நான். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஊசியால் மணியும் ஜரியும் வைக்கிற ஆரி வேலை முழுக்க என் தங்கச்சி உலகேஸ்வரி. உலகு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். சுவரில் மாட்டியிருக்கிற 'அக்கா தங்கச்சி ஆரி' என்ற பெயர்கூட, சிவப்பு வெல்வெட்டில் தங்க ஜரியில் அவள் போட்டதுதான். அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது நான். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். போனில் இருமுவார், வைத்துவிடுவார்.

ஆவணியில் உலகுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இசக்கிராஜா, சுரண்டையில் ஒரு வங்கியில் காசாளர். சித்திரையில் நிச்சயம் முடிந்தது. நீ போய்விட்டால் ஆரி யார் போடுவது என்று கேட்டேன். "சுரண்ட என்ன சிங்கப்பூராக்கா? பஸ்ல வந்துட்டுப் போறேன்" என்றாள். உன் மாமியார் விடுவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொறாமைக்காரி என்று பேர் வரும்.

மே 9, வெள்ளி

ஐந்து வீடியோ போட்டாயிற்று. பார்த்தது நானும், மருந்துக் கடைக்காரரும், மஸ்கட்டும். உலகு கேமராவைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பவள் மாதிரி விறைத்துக்கொள்கிறாள். "வணக்கம் மக்களே" என்று சொல்லச் சொன்னால் இழவு வீட்டுக்கு வந்தவளைப் போலக் கை கூப்புகிறாள்.

ஜெரால்டு சாரிடம் கேட்டேன். "மேடம், கேமரா முன்னாடி இருக்குன்னு தெரிஞ்ச அடுத்த செகண்ட் மனுஷன் பொய் ஆயிடறான். மொபைல மறைச்சு வைங்க. உண்மைதான் விக்கும்" என்றார். அதற்குத்தான் காசு வாங்குகிறார்.

மே 13, செவ்வாய்

மணி டப்பாக்களுக்குப் பின்னால் மொபைலைச் சாய்த்து வைத்தேன். உலகுக்குத் தெரியாது. தன் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கடைசி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு, அதோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி. முதுகில் ஒரு மயில். இந்தப் பக்கம் 'உலகு', அந்தப் பக்கம் 'இசக்கி'. இப்போது எல்லாப் பெண்களும் முதுகில் பேர் கேட்கிறார்கள். இவளும் போட்டுக்கொண்டாள்.

"நிச்சயத்தன்னிக்கு உன் மாமியா என்ன சொன்னாவ? இன்னொருக்கச் சொல்லு" என்று கிளப்பிவிட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியார் பேச்சியம்மா குரலிலேயே ஆரம்பித்தாள்.

"பட்டு எடுத்தது எடுத்தாச்சு. ஒரு நாள் கட்டிட்டு மடிச்சு வச்சிரணும். எங்க வீட்ல எதையும் தூரப் போடுத பழக்கம் கெடயாது. நான் கட்டுன சேலையிலதான் எம்புள்ளைக்குத் தொட்டில் கட்டினேன். தொட்டில் கிழிஞ்சு கரித்துணி ஆச்சு. அந்தக் கரித்துணி இன்னமும் அடுக்களையிலதான் கெடக்கு."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "பாவம்க்கா, நல்ல மனுஷி. எனக்குத் தல வாரி விட்டாவ" என்றாள். அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டேன். அது இருந்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. பேர் எதுவும் போடவில்லை. 'ஒரு மாமியார்' என்று மட்டும் போட்டேன்.

மே 16, வெள்ளி

அம்மாடி. போன் சூடாகிவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பேர், விருதுநகரிலிருந்து ஒரு ஆள் ஜாக்கெட்டுக்கு விலை கேட்டார்கள். 'அந்தத் தங்கச்சியை மறுபடி காட்டுங்க' என்று எத்தனை பேர். உலகுக்குக் காட்டவில்லை, வேலை கெடும்.

சாம்பாருக்குப் புளி வாங்க மறந்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

பேச்சியம்மா தன் தம்பியோடு மாடியேறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மொபைலை நீட்டினாள். அதில் உலகு முந்தானையைச் செருகிக்கொண்டு பேசுகிறாள்.

"எம்மவனுக்குப் பொண்ணு எடுத்தேன். ஊரே பாத்துச் சிரிக்கதுக்கு நான் என்ன கூத்துக்காரியா? ரேஷன் கடையில ஒரு பய கேக்கான், கரித்துணி எப்படி இருக்குன்னு."

உலகு முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, இத எடுத்ததே எனக்குத் தெரியாது" என்று அவள் காலைத் தொட்டாள். பேச்சியம்மா காலை இழுத்துக்கொண்டாள். "தெரியாமயா சிரிக்க? நிச்சயம் பண்ணுன பொருளெல்லாம் வீடு வந்து சேரணும். சேல, ஜாக்கெட்டு, மோதிரம்."

"ஜாக்கெட்டு தைச்சாச்சே" என்றேன்.

"தைச்சா என்ன? பேரப் பிரிச்சிட்டுக் குடுங்க. நாங்க எதையும் தூரப் போடுதவங்க இல்ல, அதான் ஒங்களுக்கே தெரியுமே."

எடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். படிக்கட்டு வேறு செங்குத்து. பின்னாலேயே ஓட முடியுமா? ஒரு சின்ன வீடியோ. சிரிக்கத் தெரியாத ஜனங்கள்.

சாயந்திரம் இசக்கிராஜா உலகுக்குப் போன் செய்தான். அம்மா கோபம் ஆறட்டும், ஒரு மாசம் பொறு, நான் பேசிக்கிடுதேன் என்றானாம். தாய்க்கு முன்னால் நின்று பேசத் தெரியாதவன் ஒரு மாசத்தில் என்னத்தைப் பேசுவான்? ரோஷம் உள்ளவள் அந்த நம்பரை வைத்திருக்க மாட்டாள் என்றேன். அவள் மொபைலை வாங்கி நானே பிளாக் செய்து கொடுத்தேன். அழுதுகொண்டே தலையாட்டினாள். என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மே 22, வியாழன்

நாளைக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் உலகு ஜாக்கெட்டை மடியில் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிற இடம் பார்த்து நாற்காலியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். மணி டப்பாவையும் இடம் மாற்றி வைத்தேன்.

முதலில் அவள் பேர். உள்பக்கம் திருப்பி முடிச்சைத் தேடி, கத்திரியின் நுனியால் வெட்டினாள். மணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அதெல்லாம் பார்க்க அலுப்பு. அடுத்தது அவன் பேர். அதில் மணி இல்லை, வெறும் ஜரிச் சங்கிலித் தையல். சங்கிலித் தையலில் கடைசி முடிச்சை வெட்டி நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், சரசரவென்று மொத்தமும் வந்துவிடும். உலகு நுனியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இழுத்தாள். 'இசக்கி' ஒரே நூலாகக் கையோடு வந்துவிட்டது. பேர் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அதை நகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கைக்கூடத் துடைக்காமல். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மொபைலில் சார்ஜ் இருக்கிறதா என்ற பயம் வேறு.

பார்த்துவிட்டேன், இருந்தது.

மே 25, ஞாயிறு

லட்சக்கணக்கில் போகிறது. துணியில் பேரும் மயிலும் தெரியாதபடி மங்கலாக்கித்தான் போட்டேன், எனக்கும் மனசாட்சி உண்டு. அவள் முகத்தை மங்கலாக்க முடியாது, முகம்தானே வீடியோ. 'என் தங்கச்சியின் நிஜக் கண்ணீர்' என்று தலைப்பு. ஜெரால்டு சார் வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டி, "இதுதான் உண்மை" என்றாராம்.

ஆர்டர் குவிகிறது. எல்லாருக்கும் அந்தக் கையால் தைத்த ஜாக்கெட்தான் வேண்டுமாம்.

ஜூன் 2, திங்கள்

மருந்துக் கடைக்கு வந்த ஒரு பொம்பளை மேலே ஏறி வந்து உலகுவின் தாடையைப் பிடித்து, "நீதான அந்த அழுத பிள்ள?" என்றாள். கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்த வீடியோவ அங்கருந்து எடுத்துரு அக்கா" என்றாள்.

"எடுத்துருதேன். இந்த ஆர்டரெல்லாம் முடியட்டும். உனக்குன்னுதானட்டி இம்புட்டுப் பாடும்?" என்றேன். பொய்யில்லை. கடை நின்றால்தான் அவளும் நிற்பாள். அதன்பிறகு கேட்கவில்லை. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்ளும். அதற்காகத்தானே வளர்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

வீடியோ போடுகிற கடைப் பக்கத்துக்குச் சுரண்டையிலிருந்து ஒரு மெசேஜ். அம்மா சரி என்றுவிட்டார்களாம், ஆனாலும் உலகு முதலில் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம், அவள் நம்பர் போகவில்லையாம், ஊர் முன்னால் அவள் பேரைப் பிரித்ததைப் பார்த்து மூன்று நாள் சாப்பிடவில்லையாம். நீளமாக எழுதியிருந்தான். ஆம்பளைக்கு இவ்வளவு எழுத்து ஆகாது.

நன்றாக யோசித்தேன். இன்றைக்குச் சரி என்கிற பேச்சியம்மா நாளைக்கு என்ன சொல்லுவாள்? அந்தக் கரித்துணி வீட்டில் இவள் காலத்துக்கும் பேச்சு வாங்க வேண்டும். கடை நிறைய ஆர்டர் கிடக்கிறது, அது வேறு விஷயம். சுருக்கமாகப் பதில் போட்டேன்: 'பிரித்த பேரைத் திரும்பப் போடும் வழக்கம் எங்கள் கடையில் இல்லை. இனி எழுத வேண்டாம்.' உலகு என்று கீழே போடவில்லை. கடையின் பதில் கடையின் பதில். அவனாக ஒன்று நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

படித்துப் பார்த்தேன். ஒரு வீடியோவுக்குத் தலைப்பாக வைக்கலாம் போல இருந்தது.

ஜூன் 16, திங்கள்

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. சாரல் உள்ளே அடிக்கிறது, ஜரி கறுக்காமல் இருக்க ஜன்னலுக்கு பிளாஸ்டிக் கட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது.

உலகு ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "கடப் பக்கத்துக்காவது ஏதாச்சும் வந்துச்சாக்கா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணும் வரல" என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டு வாரமாக ஒரு வீடியோவும் எடுபடவில்லை. உலகு தேறிவிட்டாள். மருந்துக் கடைக்காரர் மகள் வந்தால் சிரித்துப் பேசுகிறாள், ரேடியோவோடு சேர்ந்து பாடுகிறாள். அதையும் எடுத்துப் போட்டேன். 'இந்தப் பிள்ளையா அழுதது, எல்லாம் நடிப்பு' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். 'அழறப்பதான் அழகு' என்று இன்னொருவன். செத்த மூதிகள். ஆனால் அவர்கள் பார்த்தால்தான் ஆர்டர். அடுத்து ஆடி மாசம், கல்யாணம் கிடையாது, கடை ஈ ஓட்டும். இப்போது பிடித்து வைத்தால்தான் ஆவணிக்கு ஆகும்.

மொபைலை வைத்துவிட்டு, பொத்தான் கட்டிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "பேச்சியம்மா வேற பொண்ணு பாத்துட்டாவளாம். இசக்கியும் சந்தோஷமா தலையாட்டிட்டானாம்."

ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஒரு பேரைத் தேட வேண்டியிருக்கும்.

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும், அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில்தான் மருந்து. அவளையே துடைக்கச் சொன்னேன். அதுவும் வீடியோவில் வந்திருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

மே மாத வீடியோவைத் தாண்டிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

நிஜமாகவே இசக்கிராஜாவுக்கு நிச்சயமாகிவிட்டதாம், ஆலங்குளத்துப் பெண். ஆடி பிறப்பதற்குள் அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னார். ஆக நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்று யாரும் சொல்ல முடியாது, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

உலகுவிடம் மறுபடி சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது? ஒரு பெண் வந்தாள், மதிவதனி என்று பேர், கூட அவள் சித்தி. பார்த்ததுமே, "நீங்கதான அந்த அக்கா தங்கச்சி? ஒங்க வீடியோ ஒண்ணு விடாமப் பாப்பேன்" என்று உலகுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கள்ளமில்லாத பெண். பையைத் திறந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

அரக்குப் பட்டு. முதுகில் மயில். மயிலுக்கு இரண்டு பக்கமும் வெறும் இடம்.

"மாப்பிள வீட்ல குடுத்தாவ. தைச்சே குடுத்துட்டாவ. பக்கவாட்டுல கொஞ்சம் பிரிச்சு விட்டாப் போதும், சேரும். இங்க என் பேரு, இந்தப் பக்கம் அவுக பேரு, இசக்கின்னு. ஒங்க கையாலதான் போடணும்னு அடம் பிடிச்சு வந்தேன்" என்றாள்.

சித்தி நடுவில் புகுந்து, "முந்தி ஒரு இடம் பேசி நின்னு போச்சு. ஏதோ வாயாடிப் பிள்ளையாம், தப்பிச்சாவ" என்றாள்.

எதையும் தூரப் போடுகிறவர்கள் இல்லைதான். அந்தப் பேச்சியம்மா செய்வாள் என்று எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

உலகு ஜாக்கெட்டைக் கையில் எடுத்து, வெறும் இடத்தை விரலால் தடவினாள். துளைகள் இன்னும் இருந்தன. வயிறெரிந்து இரண்டு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். "இருபதாந் தேதிக்குள்ள தந்துருதேன். அளவு எடுத்துக்கிடட்டுமா?" என்றாள்.

அவர்கள் போனதும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொன்னேன். சொன்னேன்தான். அவள், "எதுக்குக்கா? இது கடதான" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தையலைப் பிரித்து, துணியைச் சட்டத்தில் கட்டிவிட்டாள். 'இசக்கி'யைப் பழைய துளைகளிலேயே போடுகிறாள். புதுத் துளை போட்டால் பட்டு நைந்துவிடுமாம். அழவில்லை. மூன்று நாளாக மொபைலை வைத்தும் ஒன்றும் தேறவில்லை. அவள் முகம், கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

வேறு ஏதாவது செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதிவதனிக்குப் போன் செய்தேன். ஜாக்கெட்டை மாப்பிள்ளை கையால் வாங்கினால் கடையிலிருந்து ஒரு அன்பளிப்பு உண்டு என்றேன். திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறேன் என்று துள்ளினாள். நம்பருக்கு வைத்திருக்கிற போட்டோவில் அவள் நல்ல நிறம்.

கரண்டு பில் கட்டினேன். மாவு ஆட்டினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதினொரு மணிக்கு வந்தான். நான் டீ வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கதவுக்கு வெளியே, படியில் நின்றுகொண்டேன். டப்பாவுக்குப் பின்னால் மொபைல் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சந்திப்பை எந்தக் கடைக்காரியும் எடுத்திருக்க மாட்டாள்.

உலகு எழுந்து நின்றாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஆள் இளைத்திருந்தான்.

"வரக் கூடாதுன்னுதான் நெனச்சேன். அவ விடல" என்றான்.

"ஜாக்கெட்டு ரெடியா இருக்கு" என்றாள் உலகு.

வாங்கிக்கொண்டான். போயிருக்கலாம். போகவில்லை. "நீ போட்ட பதில்ல தப்பு ஒண்ணும் கெடயாது உலகு. எங்கம்மா கால்ல விழுந்து சம்மதிக்க வச்சிட்டு உன்ட்ட கெஞ்சுனது என் சோலி. வேண்டாம்னு சொல்லுதது உன் சோலி. ஆனா பிரிச்ச பேரத் திரும்பப் போடுத வழக்கம் கடையில இல்லன்னு எழுதுன பாரு. அத மட்டும் எழுதாம இருந்திருக்கலாம்."

உலகு கேட்டாள். "எந்தப் பதிலு?"

அவன் மொபைலை எடுத்துக் காட்டினான். அவள் படித்தாள். நான் படியில் நின்றேன். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

'நான் எழுதவில்லை' என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். இன்னும் நாலு நாளில் அவன் கல்யாணம். ஜாக்கெட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஆமா. கொஞ்சம் கடுசாத்தான் எழுதிட்டேன். மனசுல வச்சிக்கிடாதிய. அந்தப் பிள்ள நல்ல பிள்ள" என்றாள்.

அவன் குனிந்த தலை நிமிராமல் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான். நான் நின்றதை அவன் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். உலகு மணி டப்பாவை நகர்த்தி, மொபைலை எடுத்து, நிறுத்தி, என் கையில் வைத்தாள்.

"வெளிச்சம் போதுமா? பாத்துக்கிடுங்க" என்றாள்.

என்னை வாங்க போங்க என்று அவள் பேசியதே இல்லை. பேச்சு கற்ற நாளிலிருந்து இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேசவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். நான் என்ன கொலையா செய்தேன்? அவள் நல்லதுக்கு ஒரு பதில் போட்டேன். அந்த வீட்டில் வாழ்ந்திருப்பாளா இவள்? கடையை நான் எனக்காகவா வளர்த்தேன்? இதை அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். ஊசிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வீடியோவை உட்கார்ந்து பார்த்தேன். அவன் பேசுவதை எல்லாம் வெட்டிவிட்டேன். மொபைலைப் படித்துவிட்டு அவள் நிமிர்கிற இடம் மட்டும். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை, நிச்சயத்தன்றுகூட, அம்மா செத்த அன்றுகூட. கீழே சோகமாக வயலின் சேர்த்தேன்.

போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

இதுவரைக்கும் போட்டதில் இதுதான் மேல். ஜெரால்டு சாரே போன் செய்தார். "எப்படி மேடம் எடுக்கறீங்க? நடிகைங்களுக்கே வராது" என்றார். சிரித்தேன்.

உலகு ஜன்னலோரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக் கதவு சும்மா சாத்தியிருந்தது.

மேசைமேல் தாம்பாளம். பேச்சியம்மா வீட்டுக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் எடுத்துப்போன அதே தாம்பாளம். அதில் நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த மொபைல், அம்மாவின் கம்மலை அழித்து நான் செய்துபோட்ட கம்மல், வயசுக்கு வந்தபோது எடுத்த தாவணி, போன தீபாவளிச் சுடிதார், கடைச் சாவி. எல்லாம் மடித்து வரிசையாக, முறையாக வைத்திருந்தாள். ஒன்று குறைகிறது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நிச்சயத்தை முறித்தவர்கள் இப்படித்தான் பொருளைத் திருப்பி வைப்பார்கள். வெற்றிலை பாக்கு மட்டும் இல்லை.

நடுவில் கிண்ணம். கிண்ணத்தில் விரலில் சுற்றி எடுத்த ஒரு ஜரி நூல், எங்கும் அறுபடாமல் ஒரே நூல். எங்கேயிருந்து வந்தது என்று முதலில் புரியவில்லை. பிறகு சுவரைப் பார்த்தேன். சிவப்பு வெல்வெட்டில் 'தங்கச்சி ஆரி' என்று இருந்தது. அதற்கு முன்னால் துளைகள்.

கீழே ஓடினேன். மருந்துக் கடைக்காரர், "காலையிலயே மதுரை பஸ்ல ஏறிட்டாளே. ஆரி ஊசிப் பெட்டி மட்டுந்தான் கையில இருந்துது. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றார். மதுரையில் எங்களுக்கு யாரும் இல்லை.

மேலே வந்து அந்தத் துளைகளை நகத்தால் தேய்த்தேன். வெல்வெட்டில் துளை மூடாது. அவள் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நிஜமாகவே அழுதேன். மூக்கைக்கூடத் துடைக்கவில்லை. ஏட்டி, ஏட்டி என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். இந்த டைரியில் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பலாம்.

அழுதுகொண்டிருக்கும்போதே ஜன்னலைப் பார்த்தேன். சாரல் நின்று நல்ல வெளிச்சம், நேராக முகத்தில். மொபைலை எடுத்து மணி டப்பாவில் சாய்த்து வைத்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை நின்றுவிட்டது.

இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை கண்ணில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொண்டேன். சாயந்திரம் போட்டேன்.

முதலில் வந்த பதில்: 'இது நடிப்பு. தங்கச்சியைக் காட்டுங்க.'